பருவை ஏசாதீர்கள்

பிள்ளை முகத்தில் பரு கண்டால் தோட்டத்து வீட்டில் முதலில் கேட்பது ஏச்சுத்தான். "கச்சானைத் தின்னே, மூஞ்சி கழுவலே!" நமக்கும் அந்த வயதில் வந்ததுதானே? வயதுக்கு வரும்போது தோலில் எண்ணெய் அதிகம் சுரந்து துவாரம் அடைபடுகிறது. பிள்ளை என்ன செய்யும்?

பசார் மாலாமில் விற்கும் வெளுப்புக் கிரீம் மட்டும் வேண்டாம். பாதரசம் கலந்த பல கிரீம்களின் அனுமதியைச் சுகாதார அமைச்சு ரத்து செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மருந்துக்கடையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு கேளுங்கள். தலையணை உறை வெளுத்துப்போகும். பழைய துணி விரியுங்கள். 2 மாதமாவது பொறுக்கணும்.

கட்டிகட்டியாக வந்தால் தாசேக் கெலுகோர் அரசாங்கக் கிளினிக்கிற்குக் கூட்டிப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். பள்ளிக்கூடம் போகாமல், சாப்பிடாமல் மூலையில் கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.