குழித்தட்டு நாற்று மஞ்சளாவது ஏன்?
நார்க்கழிவில் உப்பும் கார அமில நிலையும்

தக்காளி, மிளகாய், கத்தரி, காலிபிளவர் ஆகிய காய்கறிகளில் வீரிய ஒட்டு விதைகளை இன்று எண்ணி வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு விதைகூட வீணாகக் கூடாது என்பதால், பாத்தியில் தூவி நாற்று விடும் பழக்கம் குறைந்து, குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை ஊன்றும் முறை பரவியிருக்கிறது. ஏக்கருக்குச் சுமார் 100 தட்டு நாற்று வேண்டும். வெளியில் விலைக்கு வாங்குவதைவிட நாமே வளர்த்துக் கொள்ளலாம் என்று பல சிறு விவசாயிகள் சிறு நிழல்வலைக்குடில் போட்டுக் கொண்டுள்ளனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் இவர்களில் பலர் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஒரே குறையைச் சொல்கின்றனர். நாற்று முளைக்கிறது, பிறகு வளராமல் நின்று மஞ்சளாகிவிடுகிறது.

தட்டில் நிரப்புவது மண் அல்ல, தென்னை நார்க்கழிவு. மண்ணுக்குப் பழகிய கை அதையும் மண்ணைப் போலவே நடத்துகிறது. தொல்லை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

98 குழி கொண்ட தட்டில் ஒரு குழி கொள்ளும் கலவை சுமார் 20 முதல் 25 மில்லி லிட்டர்தான். நான்கைந்து தேக்கரண்டி அளவு. வயலில் நாம் செய்யும் பிழையைக் களிமண்ணும் மக்கும் தாங்கிக் கொள்கின்றன. உப்புத் தண்ணீர் இரண்டு தடவை பாய்ந்தாலும் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். குழியில் அப்படித் தாங்கிக் கொள்ள எதுவும் இல்லை. பத்து நாள் ஊற்றிய தண்ணீரின் குணம் முழுவதும் அந்த நான்கைந்து தேக்கரண்டிக்குள் சேர்ந்துவிடுகிறது.

எந்த அளவு சரி?

கார அமில நிலையை 0 முதல் 14 வரை எண்ணால் குறிக்கிறோம். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வயல் மண்ணுக்கு 6.5 முதல் 7.5 வரை நல்லது என்று கூறுவோம். மண்ணில்லாக் கலவைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். 7-ஐத் தாண்டினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை கலவையில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகின்றன. மணிச்சத்தும் குறைகிறது. 5-க்குக் கீழே இறங்கினால் மாங்கனீசு அளவு மீறிக் கரைகிறது. சுண்ணாம்புச் சத்து குறைகிறது. காலிபிளவரில் மாலிப்டினம் கிடைக்காமல் இலைகள் சாட்டை போல ஒடுங்கிவிடும்.

நல்ல நார்க்கழிவின் இயற்கையான நிலை பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை உள்ளது. அதாவது நமக்கு வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டு நூல்களில் தட்டுக் கலவைக்கு டோலமைட் சுண்ணாம்பு சேர்க்கும்படி எழுதியிருப்பார்கள். அவர்கள் பயன்படுத்தும் பீட் எனப்படும் சதுப்பு நிலப் பாசி மக்கு 4 அளவுக்கு அமிலம் கொண்டது. அதற்குச் சுண்ணாம்பு தேவை. அதைப் பார்த்து நார்க்கழிவுக்கும் சுண்ணாம்பு போட்டால் நாமே கெடுத்தவர்கள் ஆவோம். அடுப்புச் சாம்பலும் அப்படியே. பூச்சிக்கு நல்லது என்று சாம்பலைக் கலப்பவர்கள் காரத்தையும் உப்பையும் சேர்த்தே கலக்கிறார்கள். கால்சியம் மட்டும் குறைவென்றால் ஜிப்சம் போதும். அது கார அமில நிலையை உயர்த்தாது.

உப்பை முதலில் கழுவுங்கள்

புதிய நார்க்கழிவில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் நிறைய இருக்கும். மட்டையை உவர்நீரில் ஊறவைத்து எடுத்ததென்றால் இன்னும் அதிகம். கையில் எடுத்தால் எல்லா நார்க்கழிவும் ஒரே மாதிரிதான் இருக்கும்; கண்ணால் பார்த்து உப்பைச் சொல்ல முடியாது. மின் கடத்தும் திறனை அளந்தால்தான் தெரியும். கடையில் வாங்கும்போது கழுவியதா, கழுவாததா என்று கேட்டு வாங்கவும். கழுவாதது மலிவு என்று வாங்கினால் கழுவும் வேலை நம்முடையது.

5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் உப்பிச் சுமார் 70 லிட்டர் கலவையாகும். தொட்டியிலோ தார்ப்பாயிலோ நிறையத் தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவைத்து வடிக்கவும். மறுநாளும் அதன் மறுநாளும் இதையே செய்யவும். எப்போது நிறுத்துவது? வடியும் நீரின் உப்பு அளவு, ஊற்றிய நீரின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால் போதும். நல்ல தண்ணீர் குறைவாக உள்ளவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வாங்கி, வடிகால் உள்ள மேட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி வைத்தால் மழையே கழுவிவிடும். கழுவிய தண்ணீர் தேயிலைச் சாயம் போல் வடியும். அதைக் குடிநீர்க் கிணற்றுப் பக்கம் விட வேண்டாம். தென்னம் பாத்திக்குத் திருப்பிவிடலாம். தென்னை அந்த உப்பைத் தாங்கும்.

தண்ணீரில் மட்டும் கழுவினால் எல்லாம் போய்விடாது. நார்க்கழிவின் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மேலே பற்றி வைத்திருக்கும். கால்சியம் வந்தால்தான் அவை இடத்தை விடும். ஆகவே கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவர். குடைமிளகாய் போல மாதக்கணக்கில் பையிலேயே வளரும் பயிருக்கு இது அவசியம். 25 நாளில் பிடுங்கி நடும் தக்காளி நாற்றுக்கு நன்றாகக் கழுவினாலே போதும் என்பது என் கருத்து. கால்சியம் மிகுந்த கடின நீர் உள்ள கிணறுகளில், முதல் இரண்டு கழுவலுக்கு அந்த நீரையே பயன்படுத்தலாம். குடிக்கவும் துவைக்கவும் தொல்லை தரும் அந்தக் கால்சியம் இங்கே ஓரளவு நமக்கு வேலை செய்யும். கடைசி அலசல் மட்டும் நல்ல நீரில் இருக்கட்டும்.

மக்காத நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்பதையும் தாண்டும். மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தைப் பிடுங்கிக் கொள்ளும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, 60 நாள் மக்கவைக்கும் முறை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையில் உள்ளது. மக்கும்போது கார அமில நிலை சற்று ஏறும். எனவே மக்கிய கழிவைத் தட்டில் நிரப்பும் முன் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

குற்றவாளி தண்ணீரே

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அம்மையாரின் குடிலில் மிளகாய் நாற்றுகளைப் பார்த்தேன். இருபது நாள் நாற்று. கொழுந்து இலைகள் எலுமிச்சை நிறம். நரம்பு மட்டும் பச்சை. யூரியா கொடுத்திருந்தார். பூசணக்கொல்லி ஊற்றியிருந்தார். இரும்புச் சத்தும் தெளித்திருந்தார். தெளித்த நான்கு நாள் பச்சை திரும்பியது. பிறகு பழைய கதை. அடுத்த தோட்டத்தில் அதே விதை, அதே கடை நார்க்கழிவு. நாற்று நன்றாக இருந்தது. வேறுபாடு தண்ணீரில்தான். அங்கே பழைய திறந்த கிணறு. இங்கே புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணறு.

“குடிக்க நல்லாத்தானே இருக்குதுங்க சார்?” என்றார் அவர்.

“குடிக்க நல்ல தண்ணீர்தான் அம்மா. குழிக்குத்தான் ஆகவில்லை” என்றேன். கலவையை அளந்தால் 7.8 காட்டியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தண்ணீரின் கார அமில எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். அதில் கரைந்துள்ள பைகார்பனேட் அளவே முக்கியம். 8.2 காட்டும் நீரில் பைகார்பனேட் குறைவாக இருந்தால் கேடில்லை. 7.5 காட்டும் நீரில் அது மிகுந்திருந்தால், ஒவ்வொரு பூவாளித் தண்ணீரும் கொஞ்சம் சுண்ணாம்பு இட்டதற்குச் சமம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்துச் சோதிக்கலாம். அறிக்கையில் பைகார்பனேட் என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லி ஈக்குவலன்ட் வரை நல்லது. 3-ஐத் தாண்டினால் கலவை மெல்லக் காரமாகும். 5-ஐத் தாண்டிய நீரை அப்படியே நாற்றுக்கு ஊற்றக் கூடாது.

மாற்று என்ன? மழைநீர்தான் மலிவான மருந்து. 6 மில்லி ஈக்குவலன்ட் உள்ள நீரில் சம அளவு மழைநீர் கலந்தால் 3 ஆகும். இரு பங்கு கலந்தால் 2. வீட்டுக் கூரையில் 10 சதுர மீட்டர் பரப்பில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் கிடைக்கும். 100 தட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 100 லிட்டர் நீர் தேவை. இரண்டு மூன்று நல்ல மழையைத் தொட்டியில் மூடிப் பிடித்து வைத்தால் ஒரு தவணை நாற்றுக்குக் கலப்பு நீர் ஆகிவிடும். அந்த அம்மையாரும் அப்படித்தான் செய்தார். இலை வெளுத்துக் காய்ந்த தட்டுகள் போனது போனதுதான். மற்றவை பத்து நாளில் கொழுந்து பச்சையாகித் தேறின. நடவு இரண்டு வாரம் தள்ளிப் போனது.

மழைநீர் இல்லாத காலத்தில் அமிலம் சேர்க்கலாம். 10 லிட்டர் வாளியில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, 6 வரும்போது எத்தனை மில்லி ஆயிற்று என்று குறித்துக் கொண்டு, அதே கணக்கில் தொட்டிக்கு விடவும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகள் எடுக்கும் இடத்தில் புட்டியை வைக்க வேண்டாம். பைகார்பனேட் மிக அதிகமான நீருக்கு இந்த அமிலம் நிறையச் செலவாகி, மணிச்சத்து அளவு மீறிவிடும். அப்படிப்பட்ட நீருக்குக் கலப்பு முறையே ஏற்றது. எலுமிச்சை உப்பு என்னும் சிட்ரிக் அமிலத்தின் பலன் சில நாளில் மறைந்துவிடும்.

இலை சொல்வதைக் கேளுங்கள்

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புக் குறை. பெரும்பாலும் கார நிலையே காரணம். அடியிலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை. அடியிலை ஓரம் கருகினால் உப்பு. இலையின் அடிப்புறம் ஊதாவானால் மணிச்சத்துக் குறை. ஆனால் ஓசூர், ஊட்டிப் பக்கம் மார்கழிக் குளிரிலும் ஊதா வரும், அவசரப்பட்டு உரம் ஊற்ற வேண்டாம்.

உடனடி நிவாரணமாக லிட்டருக்கு 2 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் தெளிக்கலாம். இது இலைக்கு மட்டுமே. வேரடியைச் சரி செய்யாவிட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஈ.டி.டி.ஏ. வகை இரும்பை வேரில் ஊற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 6.5-க்கு மேல் அது நிலைப்பதில்லை. காரக் கலவையில் அதை ஊற்றுவது பணத்தை ஊற்றுவதுதான்.

உரமிடுதல்

நார்க்கழிவில் சாம்பல் சத்து ஓரளவு உண்டு. மற்றவை மிகக் குறைவு. முதல் உண்மை இலை வரும்வரை விதையில் உள்ள உணவே போதும். விதைத்த 18-ஆம் நாள் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றுவது பரிந்துரை. நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் அப்படியே செய்யலாம். சப்பைத் தண்ணீர் உள்ள இடத்தில் ஒரே தடவையில் அவ்வளவு உப்பைச் சேர்ப்பதைவிட, 2 கிராம் வீதம் ஐந்தாறு நாள் இடைவெளியில் இரு தடவையாகக் கொடுப்பது பாதுகாப்பு.

உரத்தின் வகையும் கலவையை மாற்றும். அம்மோனியம், யூரியா வடிவத் தழைச்சத்து கலவையை அமிலப் பக்கம் இழுக்கும். நைட்ரேட் வடிவம் காரப் பக்கம் இழுக்கும். ஆகவே 6.8, 7 என்று ஏறினால் 19:19:19 போன்றவை உதவும், 5.3-க்கு இறங்கினால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே வாளியில் அடர்த்தியாகக் கலக்க வேண்டாம். கால்சியமும் மணிச்சத்தும் சேர்ந்து கட்டியாகிவிடும்.

மண்புழு உரம் கலந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிலும் உப்பும் காரமும் உண்டு. வேப்பம் பிண்ணாக்கைக் கலந்தால் ஈரமாக்கி ஒரு வாரமாவது வைத்த பிறகே விதைக்கவும். கோழி எரு குழித்தட்டுக்கு ஆகவே ஆகாது.

அளக்கும் முறை

ஒரு டம்ளர் ஈரக் கலவைக்கு இரண்டு டம்ளர் வாலை வடிநீர் ஊற்றி, அரை மணி நேரம் வைத்துத் துணியில் வடித்து அளக்கவும். பல தட்டுகளிலிருந்து குழிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். இளம் நாற்றுக்கு மின் கடத்தும் திறன் 0.25 முதல் 0.75 டெசி சைமன் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால், தட்டின் அடியில் வடியும்வரை நல்ல தண்ணீரை இருமுறை ஊற்றி உப்பை இறக்கவும். சில கருவிகள் பி.பி.எம். கணக்கில் காட்டும், ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு பெருக்கு எண் வைத்திருப்பதால், வாங்கும்போதே மின் கடத்தும் திறனை நேராகக் காட்டும் வகையைக் கேட்கவும்.

பேனா வடிவக் கருவிகள் இரண்டையும் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்தலாம். கார அமிலக் கருவியை மாதம் ஒருமுறை 4, 7 என்ற திட்டக் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதன் முனை காய்ந்தால் கருவி பொய் சொல்லும். மூடிக்குள் கடையில் தரும் பாதுகாப்புக் கரைசலைச் சில சொட்டு விட்டு வைக்கவும். நாற்றைப் பிடுங்கியபின் தட்டில் மிஞ்சும் பழைய கலவையில் உப்பும் நோய்க்கிருமியும் சேர்ந்திருக்கும். அதை அடுத்த தவணைக்கு நிரப்பாமல் தென்னைக்கோ எருக்குழிக்கோ போட்டுவிட்டு, தட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கவும்.