சர்க்கரை மாத்திரை "கரையாமல்" வெளியே வருகிறதா? பதற வேண்டாம், அது வெறும் கூடு!

ஏரல்,

"ஏ தம்பி, நீ குடுத்த மாத்திரை முழுசா அப்படியே வெளியே வந்திருக்கு. போலி மாத்திரையா விக்கே?"

ஏரல் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை முன்பு பெரியவர் ஒருவர் இப்படிச் சத்தம் போட, பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

கடைக்காரர் அசரவில்லை. "கோவப்படாதீங்க அண்ணாச்சி. அது வெறும் கூடு. மருந்து பூரா உள்ளேயே எறங்கிட்டு" என்றார்.

கூட்டம் நம்பவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னது முழு உண்மை!

ஒரே மருந்து, இரண்டு ரகம்

பெரியவர் சாப்பிடுவது மெட்பார்மின். 1957-ல் பிரான்சு நாட்டு டாக்டர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்ட மருந்து இது. ஈரல் அளவுக்கு மீறி ரத்தத்தில் சர்க்கரையை இறக்குவதை இது குறைக்கிறது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களில் ஏராளமானோருக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது இந்த மாத்திரையைத்தான்.

இதில் ஒன்று சாதா மாத்திரை. வயிற்றுக்குள் போனதும் சீக்கிரம் கரைந்துவிடும். பெரும்பாலும் தினம் இரண்டு, மூன்று வேளை சாப்பிட வேண்டும். விலையும் பொதுவாகக் குறைவு.

மற்றொன்று மெதுவாகக் கரைவது. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று ஏதாவது ஒன்று இருக்கும். இது தண்ணீர் பட்டதும் ஊறி, நுங்கு போலக் கொழகொழப்பாகும். மருந்து பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பெரும்பாலும் ஒரு வேளை, ராத்திரி சாப்பாட்டோடு போதும். மருந்து இறங்கிய பிறகு மிஞ்சும் சக்கை சில சமயம் மலத்தில் வரும். பெரியவர் பார்த்தது அதைத்தான்.

எது நல்லது?

ஒரு நாள் அளவு ஒன்றாக இருந்தால், சர்க்கரையைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வயிற்றில்தான்!

சாதா மாத்திரை சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு கொடுக்கும். காலையில் தூத்துக்குடிக்கோ நெல்லைக்கோ பஸ் ஏறுகிறவருக்கு இது பெரிய அவஸ்தை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவார், அல்லது ரகத்தை மாற்றுவார்.

உடைத்தால் ஆபத்து

மெதுவாகக் கரையும் மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. நாள் முழுவதும் இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். "கரையலையே" என்று இன்னொன்று போடுவதும் கூடாது.

இன்னொரு தவறும் நடக்கிறது. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதையும் சாப்பிட்டு, கடையில் வேறு பெயரில் வாங்கியதையும் சாப்பிட்டால், ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும்!

பெயருக்குப் பின்னால் "எம்" என்று இருந்தால் பெரும்பாலும் மெட்பார்மினோடு வேறு மருந்தும் கலந்தது. கூட்டாளி கிளிமிபிரைடு என்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், தலைசுற்றல் வரும். உடனே சர்க்கரை சாப்பிட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டு

2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்து ஏரல் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நேரத்தில் மருந்துச் சீட்டு தண்ணீரோடு போனால், "வெள்ளை மாத்திரை, நீள மாத்திரை" என்று சொல்லி வாங்க முடியுமா?

மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், பின்னால் உள்ள எழுத்து, எத்தனை வேளை. இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் பி12 வைட்டமின் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

விளக்கத்தைக் கேட்ட பெரியவர் கடைசியில் சிரித்துவிட்டார். "கூட்டப் பாத்துட்டுக் குருவியக் காணோம்னு சண்டைக்கு வந்துட்டேனே!" என்றபடி அடுத்த அட்டையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.