எலும்புக்குள்ளே ஒரு வில்!

குட்டீஸ், அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்களா? தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகளில் வரப்பில் வழுக்கி விழாதவர் யார்? பெரும்பாலும் முழங்காலில் சிராய்ப்போடு போய்விடும். ஆனால், மரத்திலிருந்து விழுந்தோ, வண்டி மோதியோ தொடை எலும்பு முறிந்துவிட்டால்?

பெரியவர்களுக்கு எலும்பின் நடுவே தடித்த கம்பியைச் செலுத்துவார்கள். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஏன் தெரியுமா? உங்கள் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது!

குருத்து பத்திரம்!

நெற்பயிரைக் குருத்துப்பூச்சி துளைத்தால் நடுக்குருத்து காய்ந்துவிடும். அதில் கதிர் வராது. உங்கள் எலும்பின் நுனிகளிலும் அதுபோல ஒரு 'குருத்து' உண்டு. மெல்லிய குருத்தெலும்பால் ஆன அதன் பெயர் வளர்தட்டு. நீங்கள் உயரமாவது அதனால்தான். அது சிதைந்தால் கால் குட்டையாகலாம்; கோணலாகவும் வளரலாம்.

இதற்கு ஒரு வழி கண்டார்கள், பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள். 1980 வாக்கில் மெத்தேசோ முதலானோர் வளையும் கம்பிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். இன்று பெரும்பாலும் டைட்டானியக் கம்பிகளே பயன்படுகின்றன. கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான்!

முழங்காலுக்கு மேலே, வளர்தட்டைத் தொடாமல், இருபுறமும் சிறு துளை போடுவார்கள். வில்போல வளைத்த இரண்டு கம்பிகளை எலும்புக்குள் செலுத்துவார்கள். அவை எதிரெதிரே எலும்பின் உட்சுவரை அழுத்தி, முறிந்த பகுதியை நேராகத் தாங்கும். எல்லாவற்றையும் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே செய்வார்கள்.

முன்பு காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். இப்போது சில நாட்களிலேயே வீடு திரும்பலாம். 6 முதல் 12 வாரங்களில் எலும்பு கூடிவிடும். பல மாதங்கள் கழித்துக் கம்பியை எடுத்துவிடுவார்கள்.

சுமார் 5 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு இம்முறை ஏற்றது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு மாவுக்கட்டே போதும். பெரிய பிள்ளைகளுக்கு வேறு வழிகள் உண்டு.

நண்பன் விழுந்தால்...

* காலை இழுக்காதீர்கள், உருவி விடாதீர்கள், நிற்கச் சொல்லாதீர்கள்.

* பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

* சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

* மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே நின்று, காலுக்கே ஆபத்து வரலாம். முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் கட்டு!

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இதை இன்றே வீட்டில் தாத்தா பாட்டியிடமும் சொல்லுங்கள், குட்டீஸ். பயிரின் குருத்தைக் காக்கத் தெரிந்தவர்கள், உங்கள் குருத்தையும் காப்பார்கள்!