மருத்துவர் பேச்சும் கணிப்பொறியின் செவியும்

காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதங்கள் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். ஆனால் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளாகவே இருமல் தணிந்து, காய்ச்சல் நின்று, உடல் தேறத் தொடங்கிவிடுவதால், நோய் நீங்கிற்று என்றெண்ணி மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். நலம் தெரிந்த பின்னரும் மருந்தை ஏன் தொடர வேண்டும் என்பதை மருத்துவர் விளங்கும் சொற்களில் கூறினாரா, கூறியது விளங்கிற்றா என்று கேட்டறிந்தாரா என்பவற்றைப் பொறுத்தே சிகிச்சையின் பயன் பெரிதும் அமைகிறது. இருந்தும், நோயாளியுடன் பேசும் திறன் அனுபவத்தால் தானே வந்துவிடும் என்றே மருத்துவக் கல்வியில் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது.

அவ்வாறு வந்துவிடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் ஆகிய இருவர் 74 மருத்துவ உரையாடல்களை ஆராய்ந்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிய பின், சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தடையின்றிச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை. நம் நாட்டில் மத்தியப் பிரதேசக் கிராமப் பகுதிகளில், பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளைப் போல் சென்று நடத்திய ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. ஒருவருக்குச் செலவிடப்பட்ட நேரம் சராசரி 3.6 நிமிடம். கேட்க வேண்டிய வினாக்களிலும் செய்ய வேண்டிய சோதனைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நிறைவேறின. அங்குச் சிகிச்சை அளித்தோரில் பலர் மருத்துவப் பட்டம் பெறாதவர்கள் என்பதையும் இங்குக் கூறவேண்டும்.

இக்குறையைக் களையும் நோக்குடன் இந்திய மருத்துவக் கவுன்சில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகிய மூன்றையும் இணைத்து ‘ஏட்காம்’ என்னும் பாடப்பகுதியை 2018-இல் வெளியிட்டது. 2019-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அக்கவுன்சிலின் இடத்தில் 2020-இல் அமைந்த தேசிய மருத்துவ ஆணையமும் அதனைத் தொடர்ந்துள்ளது. பாடம் வந்துவிட்டது, அதனை மாணவர் கற்றாரா என்று அறிவது எவ்வாறு?

தேர்வின் சுமை

எழுத்துத் தேர்வு இதற்கு உதவாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டனும் அவர் துணைவர்களும் 1975-இல் அறிவித்த ‘ஆஸ்கி’ என்னும் முறையில், மாணவர்கள் பல மேசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கின்றனர். ஒவ்வொரு மேசையிலும் குறிப்பிட்டதொரு பணி தரப்படும். சில மேசைகளில், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்திருப்பார். இத்தகைய நடிப்பு நோயாளியை ஹோவர்ட் பேரோஸ் என்பார் 1963-லேயே அமெரிக்காவில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்.

முறை நல்லதே, செலவுதான் மிகுதி. 150 மாணவர்களைக் கொண்ட ஒரு வகுப்பில் தலைக்குப் பத்து நிமிடம் என்று கொண்டாலும், ஒரே ஒரு மேசையில் ஓர் ஆசிரியர் 25 மணி நேரம் அமர்ந்து கவனிக்க வேண்டும். இருபதாம் மணியில் அவர் இடும் மதிப்பெண்ணும் முதல் மணியில் இட்டதும் ஒரே தரத்தன என்று எவர் உறுதி கூற இயலும்? அமெரிக்காவில் மருத்துவ உரிமம் பெற நடிப்பு நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட தேர்வுக்கு மாணவர் ஒருவர் செலுத்திய கட்டணம் சுமார் 1,300 டாலர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல் நிறுத்தி வைக்கப்பட்ட அத்தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. நம் நாட்டில் 2014-இல் 51 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் இன்று ஒரு லட்சத்திற்கு மேல் பெருகியுள்ள நிலையில், ஆசிரியரின் நேரம் அரிய பொருளாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவின்பால் மருத்துவக் கல்வியாளர்களின் கவனம் திரும்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணக் கூடியதும் கூடாததும்

கணிப்பொறி செய்வது என்ன? முதலில் உரையாடலின் ஒலிப்பதிவை எழுத்தாக்குகிறது. மருத்துவர் சொல் எது, நோயாளி சொல் எது எனப் பிரிக்கிறது. பின்னர் யார் எவ்வளவு நேரம் பேசினார், எத்தனை முறை குறுக்கீடு நேர்ந்தது, ‘வலி இருக்கிறதா’ என்பது போன்ற ஆம்-இல்லை வினாக்கள் எத்தனை, ‘என்ன செய்கிறது, சொல்லுங்கள்’ என்பது போன்ற விரிந்த வினாக்கள் எத்தனை, விளக்கப்படாத மருத்துவச் சொற்கள் எவை என்று கணக்கிடுகிறது. அண்மையில் வளர்ந்துள்ள பெரு மொழி மாதிரிகள், ஆசிரியர் வகுத்த அளவுகோலைப் படித்து, அதன்படி உரையாடலை மதிப்பிடவும் முயல்கின்றன. டெக்சாஸ் மாநிலத்துப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஒன்று, நடிப்பு நோயாளியைக் கண்ட பின் மாணவர் எழுதும் குறிப்புகளை இம்முறையில் திருத்தியதை 2024-இல் அறிவித்தது. அது எழுத்தைத் திருத்தியதேயாகும். பேச்சை மதிப்பிடுவது அதனினும் கடினம்.

எண்ணும் வேலையில் பொறி களைப்பதில்லை. தாம் பதினெட்டாவது விநாடியில் குறுக்கிட்டதை ஒரு மாணவர் அதே மாலையில் தம் பதிவிலேயே கண்டால், அடுத்த நாள் சற்றுப் பொறுத்திருக்கக் கூடும். ஆனால், புற்றுநோய் என்ற சொல்லை உச்சரித்த பின் மருத்துவர் காக்கும் மௌனம் எத்தகையது? அது நோயாளி தம்மைத் தேற்றிக்கொள்ளத் தந்த இடமாக இருக்கலாம். அடுத்துச் சொல்ல ஏதும் அறியாத தடுமாற்றமாகவும் இருக்கலாம். ஒலிப்பதிவில் இரண்டும் ஆறு விநாடி அமைதிதான். முகக்குறிகளைக் கொண்டு உணர்ச்சியை அறிவோம் என்று கூறும் கருவிகள் உள்ளன. கல்வி நிலையங்களிலும் பணியிடங்களிலும் இத்தகைய உணர்ச்சிக் கணிப்பை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கன்றி, ஐரோப்பிய ஒன்றியம் தன் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துள்ளது. மாணவரின் கற்றலை மதிப்பிடும் கருவிகளை அதே சட்டம் மிகுந்த கண்காணிப்புக்குரிய வகையில் சேர்த்துள்ளது.

மற்றோர் இடரும் உண்டு. அளவுகோல் தெரிந்துவிட்டால் மாணவர் அதற்கேற்பப் பேசப் பழகிவிடுவர். ‘உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது’ என்ற தொடரை மும்முறை ஒப்பிப்பவருக்கு மதிப்பெண் கிட்டிவிடலாம். கட்டுரை திருத்தும் கணிப்பொறிகளை இவ்வாறு ஏய்க்கலாம் என்பதை எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மன் 2014-இல் மெய்ப்பித்தார். பொருளற்ற சொற்குவியலை ஆக்கித் தரும் நிரலொன்றை மாணவர் துணையுடன் அவர் இயற்றினார். அக்குவியலுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது.

வார்டின் மொழி

நம் நாட்டிற்கே உரிய சிக்கல் மொழியில் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டின்கீழ் நிரப்பப்படுகிறது. வேற்று மாநிலத்திலிருந்து வரும் மாணவர் ஆங்கிலத்தில் பயின்று, தமக்குப் பழக்கமில்லாத மொழியில் நோயாளியிடம் பேச வேண்டியவராகிறார். இதற்கெனவே 2019-இன் பாடத்திட்டம், தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழிக்கும் இடம் தந்தது. சொல்லை அறிவது மட்டும் போதாது. இந்தி பேசும் நோயாளி ‘கப்ராஹட்’ என்னும்போது மனப்பதற்றத்தைக் குறிக்கலாம். நெஞ்சுப் படபடப்பையும் குறிக்கலாம். நம் ‘மயக்கம்’ தலைசுற்றலாகவும் இருக்கும், நினைவிழத்தலாகவும் இருக்கும். எதுவெனக் கேட்டுத் தெளிபவரே திறமையுள்ள மாணவர். பொறியோ அச்சொல்லைச் சரியாகக் கேட்டதா என்பதே முதல் ஐயம். அமெரிக்காவில் ஐந்து பெரு நிறுவனங்களின் பேச்சறி கருவிகளைச் சோதித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 ஆக இருந்த சொற்பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35 ஆக இருந்தது. ஆங்கிலத்திலேயே இந்நிலை எனில், போஜ்புரியும் வட்டார வழக்குகளும் கலந்த வார்டுகளில் என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம். 2022-இல் தொடங்கப்பெற்ற ‘பாஷினி’ திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ. ஃபார் பாரத்’ குழுவும் இந்திய மொழிப் பேச்சுகளைத் திரட்டிவருவது இவ்வகையில் பயன் தரும். நோயாளியின் வழக்கைப் பொறி தவறாகக் கேட்டதற்காக மாணவர் மதிப்பெண் இழப்பது நீதியாகாது.

ஆகவே, தேர்ச்சியை முடிவுசெய்யும் அதிகாரத்தை இப்பொறிகளிடம் இன்று ஒப்படைப்பதற்கில்லை என்பதே என் கருத்து. பயிற்சிக்கு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கணிப்பொறியே நோயாளியாக விடையிறுக்க, மாணவர் இரவிலும் தனித்துப் பழகலாம்; தவறினால் எவருக்கும் தீங்கில்லை. ஆசிரியர் இருவர் தனித்தனியே இட்ட மதிப்பெண்களுடன் பொறியின் மதிப்பெண் ஒத்துவருகிறதா என்று ஒவ்வொரு மொழியிலும் சோதித்த பின்னரே தேர்வுக்கூடத்திற்குள் அதனை விடுதல் வேண்டும். மருந்தை எவ்வாறு உண்பீர்கள் என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் செய்து, அவர் சரியாகச் சொன்னாரா என்பதற்கும் மதிப்பெண் வைக்கலாம். இதற்குப் பொறி எதுவும் தேவையில்லை.

உண்மையான நோயாளியின் பேச்சைப் பதிவு செய்வதாயின் அவருடைய இசைவு இன்றியமையாதது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவை வலியுறுத்துகிறது. பதிவு எங்கே வைக்கப்படும், எவர் கேட்பர், எப்போது அழிக்கப்படும் என்பதையெல்லாம் நோயாளியின் மொழியில் எடுத்துச் சொல்லி அவ்விசைவைக் கேட்கும் பொறுப்பை மாணவரிடமே விட்டு, ஆசிரியர் அருகிலிருந்து கவனிக்கலாம். பொறியை இயக்குமுன் நடைபெறும் அவ்வுரையாடலையே முதல் தேர்வாகக் கொள்ளவும் இடமுண்டு.