நீராடு துறையும் நிழற்படமும்

டயகமத் தோட்டத்து மாணவர் சிலர் அநுராதபுரச் சுற்றுலாவினின்று மீண்டு, தாம் எடுத்த குட்டம் பொக்குண நிழற்படங்களை என்னிடம் காட்டினர். படமெல்லாம் நீர்ப்பரப்பு, நீர்ப்பரப்பெல்லாம் வானம். "குளம் எங்கே?" என்று வினவினேன். நகைத்தனர். ஆயினும் அவ்வினா வேடிக்கையன்று.

உரோமாபுரியில் கி.பி. 216இல் திறக்கப்பட்ட கரக்கல்லாவின் பொது நீராடு மன்றத்தைப் படமெடுப்போர் அண்ணாந்து நோக்குவர். அதன் பெருமை உயர்ந்த சுவர்களில் உள்ளது. அபயகிரி விகாரைத் துறவியர் நீராடிய இவ்விரட்டைக் குளமோ நிலத்துள் இறங்கிய கட்டடம். பெரியது 132 அடி நீளம். சிறியது 91 அடி. இரண்டிற்கும் அகலம் 51 அடி. நம் இரு கண்கள் ஆழத்தை உணரும். கமராவின் ஒற்றைக் கண் உணராது. உச்சி வெயிலில் கற்படிகள் ஒன்றோடொன்று கலந்து மறையும். காலைச் சாய்வெயிலிலோ ஒவ்வொரு படியும் தன் நிழலைக் கீழ்ப்படியில் எழுதும். படியோரம் ஒருவரை நிறுத்தின் அளவும் விளங்கும்.

கண்டியில் நிழற்படத் தொழில் நடத்திய யோசப் லோட்டன், 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரத்துச் சிதைவுகளைப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்து, உடனே கழுவவேண்டிய காலம் அது. தகட்டின் அருமை அறிந்தோர் எண்ணியே எடுப்பர்.

நம் மாணவர் எண்ணாது விட்டவை குளத்தருகேயுள்ள சிறு தொட்டிகள். வந்த நீர் அவற்றில் தங்கி, வண்டல் படிந்து தெளிந்த பின்னரே மகரவாய் வழியே சிறுகுளத்துட் புகுந்தது. அங்கிருந்து நிலத்தடி வழியே பெருங்குளம் சென்றது. உரோமரின் வெந்நீரறைகளுக்கும் தரையடியில் ஓடிய அனலே உயிர். மறைந்துநின்று தொழில் செய்வதைக் காட்டாத படம், கட்டடத்தின் உடலை மட்டுமே காட்டும் படமன்றோ?

இவ்வெண்ணம் என்னை நம் பீலிக்கரைக்கு அழைத்துவந்தது. மலையூற்று நீரை இறக்கி, லயத்து மக்கள் முறைவைத்துக் குளிக்கும் பீலியே மலைநாட்டின் பொது நீராடு துறை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாயர் பகற்பொழுதின் களைப்பைக் கழுவும் இடம் அது. அரசர் எவரும் அதனைக் கட்டவில்லை. ஆதலின் அதனைப் படமெடுக்க வருவோரும் அரியர். வீடுதோறும் குழாய் வரவேண்டும், அதுவே நீதி. வந்தபின் பீலி மறையும். அதன் நினைவும் மறையலாகாது.

ஆகவே, ஆளில்லா வேளை பார்த்து, ஊற்றுக்கண் முதல் துவைகல் வரை நீர் வரும் வழியைப் படமெடுத்துவருமாறு மாணவரைப் பணித்துள்ளேன். அளவு காட்ட மனிதரை நிறுத்த வேண்டா. தேய்ந்த கல்லே அங்கு நின்ற பாதங்களைச் சொல்லும்.