கடல் பக்கத்தில், உப்பு தூரத்தில்

2025 மே மாதத்தில் ஒருநாள் உம்மா உப்பு வாங்கி வரச் சொன்னார். வெள்ளவத்தையில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன், எங்கும் இல்லை. "கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புக்கு அலைகிறோமே!" என்றேன். "கடல் இருந்தால் போதுமா மகள், காய வேண்டாமா?" என்றார் வாப்பா.

அதைச் சோதித்துப் பார்த்தேன். உப்புத்தான் இல்லையே! இரு தட்டுகளில் ஒரே அளவு வெறும் நீரை ஊற்றி, ஒன்றை மின்விசிறியின் கீழும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வைத்தேன். விசிறியின் கீழிருந்ததே முதலில் வற்றியது. தொட்டபோது குளிர்ந்தும் இருந்தது.

நீர்ப்பரப்பை ஒட்டி நீராவி மிகுந்த காற்றுப்படை ஒன்று தங்கியிருக்கும். காற்று வீசினால் அது விலகி, உலர்ந்த காற்று வந்து சேரும், ஆவியாதல் விரைவாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 யூல் வெப்பம் வேண்டும். என் தட்டு நீர் தன் வெப்பத்தையே இழந்து குளிர்ந்தது. உப்பளத்திலோ சூரியன் அவ்வெப்பத்தைத் தருகிறது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகளே உள்ளன. ஒரு கிலோ உப்பு விளைய 30 லீற்றருக்கும் மேல் வற்ற வேண்டும். அதனால்தான் வெயிலும் வரண்ட காற்றும் உள்ள புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளங்கள் அமைந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் பெய்த மழை அங்கே விளைச்சலைக் கெடுத்தது. இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியானது.

மழை வந்தால் எங்களுக்குக் குளிர்ச்சி. பாத்தியில் விளைந்தது கரைவதைப் பார்த்து நிற்கும் உப்பளத் தொழிலாளியை இப்போது நானும் நினைக்கிறேன்.