நாம் பேச இயலாதபோது

ஐதராபாத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உடன்பிறந்தார் கும்பகோணத்தில், மகன் கடல் கடந்த நாட்டில். பெரியவர் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று மருத்துவர் கேட்டால் விடை சொல்ல உரியவர் யார்?

இவ்வினாவுக்கு நோயாளியே முன்னதாக எழுதிவைக்கும் விடைதான் மருத்துவ முன்னாணை. மீளும் நம்பிக்கை அற்றுப்போனபின் இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று, அறிவு தெளிவாக இருக்கும்போதே அவர் எழுதிவைக்கிறார். 'லிவிங் வில்' என்றும் இதனை வழங்குவர். உயில் என்றதும் சொத்து நினைவுக்கு வரும். இதில் சொத்துக்கு வேலையில்லை.

இந்நகருக்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. தசைச் சிதைவு நோயுற்ற வெங்கடேஷ் என்னும் இளம் சதுரங்க வீரர், தம் உறுப்புகள் கெடுமுன் பிறருக்குப் பயன்படவேண்டும் என்றும், அதற்காகச் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தவேண்டும் என்றும் 2004 டிசம்பரில் வேண்டினார். ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. மூளைச்சாவு நேருமுன் அவ்வாறு உறுப்புகளை எடுக்க 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. சில நாட்களுக்குள் அவர் காலமானார். அவர் கேட்டது முன்னாணை அன்று. ஆயினும் தன் இறுதியைப் பற்றித் தானே சொல்லும் உரிமை உண்டா என்ற கேள்வி அன்றே இங்கு எழுந்துவிட்டது.

2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு முன்னாணையை ஏற்றது. ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனை அதனை ஏட்டளவில் நிறுத்திவிட்டது. 2023 ஜனவரி 24ஆம் நாள் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றால் போதும். நிறைவேற்றுமுன் இரண்டு மருத்துவக் குழுக்கள் நோயாளியின் நிலையை ஆராய்ந்து இசையவேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமாயினும் எழுத்து மூலம் அதனை மாற்றலாம், விலக்கலாம். ஊசி போட்டு உயிரை முடிக்க இதில் இடமில்லை. வலி தணிக்கும் சிகிச்சையும் நின்றுவிடாது.

பிற நாடுகளின் வழிகள் பலவகை. 1976இல் கலிபோர்னியா முதற்சட்டம் இயற்றியது. சிங்கப்பூரின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி சாட்சிகள் இருவரில் ஒருவர் மருத்துவராக இருக்கவேண்டும். முன்னாணை எழுதியிருக்கிறீரா என்று நோயாளியைக் கேட்பதே கூடாது! ஜப்பானில் தனிச் சட்டமில்லை. குடும்பத்தாரும் மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுக்க அரசு நெறிமுறை வகுத்துள்ளது.

நம் வீடுகளும் ஜப்பானைப் போன்றவையே. நோயின் பெயரைக்கூட நோயாளியிடம் மறைப்பவர்கள் நாம். ஆகவே முன்னாணையில் மிக முக்கியமான பகுதி, நமக்காகப் பேச உரியவர்களின் பெயர்களே என்று கருதுகிறேன். ஒருவருக்கு மேற்பட்டவரைக் குறிக்கலாம். தொலைவிலுள்ள மகனை மட்டும் எழுதாமல், அழைத்தவுடன் வரக்கூடிய நெருங்கிய உறவினர் ஒருவரையும் சேர்த்து, இருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. தமிழில் எழுதினால் இங்குள்ள மருத்துவர் படித்தறிய மாட்டார். ஆங்கிலத்திலும் எழுதிச் சான்று பெறுக. பிரதிகளை அவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுத்துவையுங்கள். பெட்டியில் பூட்டிய தாள் அவசர இரவில் கைக்கு வராது.